நான் ஒரு வாய்கூடக் குடிக்காத சாக்லேட் பானம்

அன்புள்ள அப்பா,

உங்கள் மேல் எனக்குத் தீராத கோபம். அன்பும் இருக்கிறது, அதனால்தான் இப்படித் தொடங்குகிறேன். ஆனால் இன்று கோபத்தை மட்டும்தான் எழுத முடியும்.

நீங்கள் ஓடி ஓடி விற்ற அந்தச் சாக்லேட் பானக் கம்பெனி, தன் சரித்திரத்தைச் சொல்லிக் கோயம்புத்தூரில் கண்காட்சி வைக்கிறதாம். சரவணம்பட்டி ஆபீசிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். தகர டப்பா கண்ணாடி பாட்டிலானது, பாட்டில் பிளாஸ்டிக் ஆனது, கடைசியில் பாக்கெட்டாகச் சுருங்கியது என்று எல்லாவற்றையும் அடுக்கப் போகிறார்களாம். கம்பெனி கை மாறியதை அவள் சொல்லவில்லை. டப்பாவில் கொட்டை எழுத்தில் இருந்த 'ஆரோக்கியம்' சத்தமில்லாமல் காணாமல் போனதையும் சொல்லவில்லை.

அவளுக்கு வேண்டியது, ஆனைமலைப் பக்கம் நீங்கள் ஏஜென்டாக இருந்தபோது எடுத்த என் போட்டோ. பள்ளிச் சீருடையில், வகுப்பிலேயே உயரமானவளாக, டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேனே, அது. அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்குவார்களாம். நான் பக்கத்தில் நின்று, இதைக் குடித்துத்தான் வளர்ந்தேன் என்று பேச வேண்டுமாம்.

நம் வீட்டில் அதை ஒரு நாளாவது கலக்கினீர்களா அப்பா? குடோன் நிறையச் சரக்கு இருந்தும், விற்கிற பொருளைத் தொடக்கூடாது என்று எனக்கு வெறும் பால்தான். ஆனால் லீவு விட்டால் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவீர்கள். "எம்பொண்ணப் பாருங்க, இதக் குடிச்சுத்தானுங்க இப்படி வளந்துட்டா" என்பீர்கள். ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "அது ஏவாரம் கண்ணு" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் படுத்த படுக்கையானபோது, பார்க்க வந்தவர்கள் பழத்தோடு அதே டப்பாவைத்தான் வாங்கி வந்தார்கள், சர்க்கரை நோயாளிக்கு! வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அப்படி வந்த தோட்டத்துக்காரம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னயப் பாத்துத்தான் அம்மணி வாங்குனேன். பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊத்திப்போட்டு, அந்தக் காசுல டப்பா வாங்கி, பையனுக்குத் தண்ணியில கலக்கிக் குடுத்தேன்."

நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். மாடு கட்டியிருந்த வீடு அப்பா அது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் கொஞ்சம் தேறியதும் கேட்கலாம் என்றிருந்தேன், அதற்குள் போய்விட்டீர்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அப்போதும் ஏவாரம் என்றுதானா?

கண்காட்சிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தோட்டத்துக்காரம்மாவை முன் வரிசையில் உட்கார வைப்பேன். மைக்கைக் கொடுத்ததும், இதை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை என்று அவரைப் பார்த்துச் சொல்வேன். பிறகு அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்க வைப்பேன். என் உயரம் எங்கிருந்து வந்தது என்பதை எல்லோரும் பார்க்கட்டும். இது உங்கள் மேல் சத்தியம்.

அம்மாவைப் போலவே வளர்ந்த,
உங்கள் மகள்