கொட்டகைக் கதவைக் கழற்றிய கதை

ஸ்கார்வோய், வடக்கு நார்வே
பிப்ரவரி 2

அன்பு மகன் சிந்த்ரேவுக்கு,

சிலி நாட்டு வெயில் உன்னை நன்றாகக் கறுக்க அடித்திருக்கும் என்ற நினைப்போடு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. "நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க" என்று ஒரே வரி. மாரித் உன்னை விட்டுப் போனதிலிருந்து இதே வரிதான் வருகிறது. அப்பா படித்துவிட்டு, "நல்லா இருக்கேன்னு அவனே எழுதியிருக்கான், அப்புறம் என்ன?" என்கிறார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே! நான்தான் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்.

முதலில் என் பெருமையைக் கேள். மீன் ஆலையில் என் ஷிப்டிலிருந்து இந்தக் குளிர்காலம் ஒருத்தர்கூட வேலையை விட்டுப் போகவில்லை. போன வருஷம் சூரியனே உதிக்காத அந்த இருட்டு வாரங்களில் பாதிப் பேர் லீவு, மீதிப் பேர் உர்ரென்று இருந்தார்கள். ஷிப்டுக்குப் பொறுப்பு நான், அதனால் எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

புது மேலாளர் யோருன் தெற்கிலிருந்து வந்தவள். சின்னப் பெண், தங்கமான மனசு. நவம்பரிலேயே, சூரியனுக்குப் பதிலாக முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ள ஆளுக்கொரு வெளிச்ச விளக்கு, கூடை கூடையாக ஆரஞ்சு எல்லாம் கொடுத்துவிட்டு, மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் சொன்னேன், "யோருன், நீ ஊருக்குப் புதுசு. இங்க கடல்ல விழுந்தவனைக் கேட்டாலும், தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருக்கு, வேற ஒண்ணுமில்லம்பான்" என்று.

நம் ஓட்வாரும் அப்படித்தான் சொன்னான். என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன், ஆலையின் மெக்கானிக், தனிக்கட்டை, வாய் ஓயாதவன். டிசம்பரில் காபி மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்திருப்பான். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தன் ஒதுங்கினால் அவனை நோண்டாமல் விடுவதுதானே நம் ஊர் மரியாதை. பாழாய்ப் போன மரியாதை!

ஒருநாள் வேலை முடிந்ததும், தன் உயிராக வைத்திருந்த கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டி, "வச்சுக்கோ குன்வோர், எனக்கு இனிமே தேவைப்படாது" என்றான். கத்தியை வாங்கி ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டேன். யோருனிடம் ஓடினேன். அவள் முகம் வெளுத்து, "உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் உதவி செய்கிறேன் என்று போய் நின்றால் நம் ஊர் ஆம்பிளை கதவைச் சாத்திக்கொள்வான். அவனிடம் உதவி கேட்டால் மட்டும் மறுக்கத் தெரியாது.

அதனால் வீட்டுக்கு வந்து விறகுக் கொட்டகைக் கதவின் கீலை நானே கழற்றினேன். அப்பா, "உனக்கென்ன பைத்தியமா!" என்று கத்தினார். "நீங்க முதுகு வலின்னு போய்ப் படுங்க" என்று விரட்டிவிட்டு, நேரே ஓட்வார் வீட்டுக்குப் போனேன். "கதவு விழுந்து கிடக்கு, பனி உள்ள கொட்டுது, இவருக்கு எழுந்திருக்க முடியல. ஒரு கை குடுப்பா" என்றேன். பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான்.

கதவை மாட்டி முடித்து மீன் சூப் குடிக்க உட்கார்ந்தவன், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். அன்று அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை, உன் அறையில் படுக்க வைத்தோம். மறுநாள் காலை, "நான் டாக்டரைப் பார்க்கணும், இருட்டுல எனக்குக் கார் ஓட்ட பயமா இருக்கு, நீ ஓட்டு" என்றேன். போய் உட்கார்ந்ததும் நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "அடிப்பாவி, கதவையும் நீதானே கழட்டின?" என்றான். திட்டிக்கொண்டே உள்ளே போனான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதன்பிறகு ஷிப்டே மாறிவிட்டது. யாராவது ஒதுங்கினால், உடனே ஒருத்தர் போய் எதற்காவது ஒரு கை கேட்பார். மேலாளர்கூட, தனக்குப் பனிச்சறுக்கு வரவில்லை என்று மதிய இடைவேளையில் ஆட்களை வெளியே இழுத்துப் போனாள். பாவம், அவளுக்கு நிஜமாகவே வரவில்லை!

போன வாரம் சூரியன் திரும்பிய அன்று கன்வேயரை நிறுத்தச் சொன்னதும் அவள்தான். எல்லோரும் ஏப்ரனோடு குன்றின் மேல் ஏறி, மூஞ்சியெல்லாம் சர்க்கரை அப்ப, சூரியனை வரவேற்கச் சுடும் சூரிய பன் தின்றோம். எப்படி இருக்கே என்று யாரோ ஓட்வாரைக் கேட்டார்கள். "நல்லா இல்ல. ஆனா போன மாசத்துக்குத் தேவல" என்றான். இந்தத் தீவில் ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து 'நல்லா இல்ல' என்று நான் கேட்டது அன்றுதான். என் ஆட்களை நினைத்து எனக்கு நெஞ்சு விம்மியது, சிந்த்ரே.

மகனே, ஈஸ்டருக்கு ஊருக்கு வா. நம் படகுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அப்பாவால் தனியாக முடியாது. வந்து ஒரு கை கொடு.

போன கோடையில்தானே அடித்தீர்கள் என்று கேட்பாய். ஆமாம், அடித்தோம். நீ வருவதற்குள் நானே சுரண்டி வைக்கிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா குன்வோர்