முன் சீட்டுக்கு அடியில் தண்ணீர்

9.11.1999, செவ்வாய்

தீபாவளிப் பலகாரமெல்லாம் டப்பா அடியில் தூளாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளி இன்று திறந்தாயிற்று. பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை.

காலையில் கிளம்பும்போது வழக்கம்போல வாசலெல்லாம் தண்ணீர். நைட் ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு காரைக் குளிப்பாட்டுகிறார். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியிலிருந்து ராத்திரி பூரா விழுந்த சாம்பல். துணியால் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழுமாம், தண்ணீர் அடித்துத்தான் இறக்கவேண்டுமாம். என்னைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் என் தலைக்கு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு ஊற்றியிருப்பாரா இவர்?

சிரிப்பாக இருந்தாலும் எனக்குப் புரிகிறது. செகண்ட் ஹாண்ட் மாருதிதான். ஆனால் கம்மாபுரத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் கார். இம்மாதக் கடைசியில் அங்கே நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். அந்தத் தெருவுக்குள் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆயுத பூஜையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இசைப்பிரியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட், மடியில் பிசிக்ஸ் புத்தகம். இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் டிவி ஒரு பக்கம், என் குக்கர் ஒரு பக்கம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை எங்கேதான் போகும்? "எம்பொண்ணுக்கு ஏசி ரூம் இல்ல, மாருதி ரூம்"னு இவருக்கு ஒரே பெருமை.

13.11.1999

இரண்டு நாளாக விடாத மழை. துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர நாற்றம்.

14.11.1999, ஞாயிறு

இன்றைக்கு நாளே சரியில்லை.

மழை விட்டதும் இவர் போய்க் கார் கதவைத் திறந்தார். இசை உட்காருகிற சீட்டுக்கு அடியில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர். கால்மிதி மிதந்துகொண்டிருந்தது.  அப்புறம் வந்து, அடுப்படி வாசலில் நின்று, இசையிடம் சத்தம் போடாமலே கேட்டார். "கண்ணாடிய எறக்கி வுட்டுட்டு வந்தியா?"

"இல்லப்பா. ஏத்திட்டுதான் வந்தேன்."

"பின்ன தண்ணி எப்படி வந்துச்சி? நீதான அங்க உக்காந்துகினு படிச்ச?"

"ஏத்திட்டேம்பா. நல்லா ஞாபகம் இருக்கு."

"கண்ணாடி இப்ப ஏறித்தான் இருக்கு. தண்ணியப் பாத்துட்டு ஏத்திவுட்டுட்டு வந்து பொய் சொல்ற."

இவர் காலண்டர் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

15.11.1999

லீவு போட்டேன். காரைக் காயவைக்கிறதுதான் வேலை.

முதலில் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு ஊற்றினோம். பிறகு பழைய துண்டு, பழைய வேட்டி, என் பழைய பாவாடை என்று ஒவ்வொன்றாகப் போட்டு அழுத்தி, பிழிந்து, மறுபடியும் போட்டு. பக்கத்து வீட்டு ஆனந்த்ராஜ் ஸ்பானர் செட் கொண்டுவந்து கொடுத்தார். சீட்டைக் கழற்றி ஹாலுக்குத் தூக்கிவந்தாயிற்று. இப்போது ஹாலில் கார் சீட்டு, வெளியே சீட்டில்லாத கார். மேல் கம்பளத்தை உரித்தால் அதற்கு அடியில் சாக்கு மாதிரி கனமாக ஒன்று. அதுதான் தண்ணீரையெல்லாம் குடித்து வைத்திருக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து முறுக்கினோம். பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

இசையும் உதவிக்கு வந்தாள். "நீ போய்ப் படி"ன்னுட்டார். அன்பாகச் சொல்லவில்லை.

ஆனந்த்ராஜ் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை, "எப்படி சார் தண்ணி பூந்துச்சி?" என்றுதான் கேட்டார். இவர் சொன்ன பதில்: "வூட்டுல இருக்கறவங்க பொறுப்பா இருந்தா ஏன் பூருது?" இசை ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

17.11.1999

டேபிள் ஃபேன் காருக்குள் ஓடுகிறது. நாங்கள் உள்ளே புழுங்கிச் சாகிறோம்.

18.11.1999

அவள் பரிமாறினால் இவர் தட்டில் கை வைப்பதில்லை. எழுந்து போய்விடுகிறார். நான் தனியாகக் கேட்டேன், ஒரு கார் கம்பளத்துக்கா இவ்வளவு என்று. "கார் போனா போவுது ருக்கு. மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றா பாரு, அதான் தாங்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

அந்தப் பக்கம் இவள். சாப்பாட்டைக் கொறிக்கிறாள். புத்தகத்தில் ஒரே பக்கம் விரித்தபடி கிடக்கிறது. அரையாண்டுப் பரீட்சை வருகிறது. நடுவில் நான். பள்ளிக்கூடத்தில் முப்பது குழந்தைகளை மேய்த்துவிட்டு வந்தால் இங்கே இரண்டு.

மறதியாக விட்டிருப்பாள். யார்தான் மறப்பதில்லை? ஒத்துக்கொண்டுவிட்டால் முடிந்தது.

19.11.1999

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொல்லிவிட்டேன். "நாந்தாம்ப்பா, மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். என்ன கொறைஞ்சிடப் போற? உங்கப்பாவப் பத்தித் தெரியாதா, அந்த நிமிஷமே கரைஞ்சிடுவாரு."

"நான் மறக்கலையேம்மா."

"சரி மறக்கல. வீடு வீடா இருக்கணுமா வேணாமா?"

துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். 

20.11.1999

சொல்லிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே. "நாந்தாம்ப்பா. கண்ணாடி ஏத்த மறந்துட்டேன்."

இவர் முகத்தில் என்ன ஒரு நிம்மதி! "இத அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல பாப்பா" என்று அவள் தலையைத் தடவினார். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

23.11.1999

நல்ல வெயில். சாக்கும் கம்பளமும் கொடியில் முறுகக் காய்ந்துவிட்டன. சீட்டெல்லாம் பழையபடி மாட்டியாயிற்று. நாற்றத்துக்கு மண் சட்டியில் கரித்துண்டு போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். இன்றும் ஒரு தரம் தண்ணீர் அடித்துக் கழுவினார், பளபளவென்று.

சாவி இன்னும் பாக்கெட்டில்தான்.

26.11.1999, வெள்ளி

ராத்திரி கொட்டித் தீர்த்துவிட்டது. காலையில் இவர் கதவைத் திறந்தார். அதே இடம். அதே தண்ணீர். கரிச்சட்டி மிதக்கிறது.

நாலு கண்ணாடியும் இறுக்க ஏறியிருந்தன. சாவி இவர் சட்டைப் பாக்கெட்டில். மூன்று நாளாக அந்தக் கதவை வேறு யாரும் தொடவில்லை.

பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீட்டைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசலில் நிற்கிறேன். இசை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் தாண்டி சைக்கிளில் ஏறிப் போனாள். காருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றே, சாயங்காலம்

பானெட்டைத் திறந்து போட்டு மத்தியானம் பூரா குடைந்தார். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புச் சல்லடை இருக்கிறது. மழைத்தண்ணீர் அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் இருக்கிற ஓட்டை வழியாகச் சக்கரத்துப் பக்கம் போய்விட வேண்டும். இடது பக்கத்து ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல். வேப்பஞ்சருகோடு சேர்ந்து சிமெண்டாக இறுகிக் கிடந்தது. போக வழி இல்லாத தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

தினம் தினம் ஹோஸ் வைத்து இவர்தான் கழுவி இறக்கியிருக்கிறார். சாம்பலைத் துணியால் துடைத்து எடுத்திருந்தால் இது வந்தே இருக்காது.

ஸ்க்ரூடிரைவரை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, கட்டி கட்டியாகப் பெயர்த்தார். பிறகு ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். சக்கரத்துப் பக்கம் சலசலவென்று ஊற்றியது. அதைப் பார்த்துக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இசை வந்தாள். சைக்கிளை நிறுத்தினாள். கீழே கிடந்த சாம்பல் கட்டிகளைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் பாப்பா நாந்தான்னு சொன்ன?" என்று இவர் கேட்டார்.

என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான்.

"சொன்னா நீங்க சாப்புடுவீங்கன்னு."

உள்ளே போய்விட்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தேவலை.

27.11.1999

இவரிடம் சொல்லிவிட்டேன். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று.

திட்டுவார் என்று நினைத்தேன். கம்பளத்தைப் பிழிந்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீயாவது அவள நம்புனியா?"

 நம்பினேனா? உண்மை எதுவென்று நான் யோசிக்கவே இல்லையே. எனக்கு வேண்டியிருந்தது சத்தமில்லாத வீடு. இதை இங்கே எழுதும்போதுதான் தெரிகிறது, பொய் சொன்னது அவள் இல்லை, சொல்ல வைத்தது நான். தூ.

28.11.1999, ஞாயிறு

கம்மாபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். "கார் எங்கடா?" என்று நாத்தனார் கேட்டார். "என் தப்புக்கா. நாந்தான் கெடுத்து வச்சேன்" என்றார், அத்தனை பேர் முன்னாலும். இசை பாயில் உட்கார்ந்து தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.12.1999

சாவி மறுபடியும் காலண்டர் ஆணியில். இவர்தான் மாட்டினார், அவள் கண்ணில் படும்படி.

19.12.1999

இசை சாவியை எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஸ்டூல் போட்டுப் படிக்கிறாள். கொசுக்கடி. இவர் இப்போது காரைக் கழுவுவதில்லை, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கிறார். கீறல் விழுந்திருக்கிறது. விழட்டும் என்கிறார்.

எங்களிடம் பேசுகிறாள். கேட்டால் பதில் வருகிறது, மரியாதையாக. அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

16.1.2000

காருக்குள் ஈர நாற்றம் போய்விட்டது. மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன், கம்பளம் சுக்காக இருக்கிறது.

12.3.2000, ஞாயிறு

நாளை பிசிக்ஸ் பரீட்சை. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பக்கத்துப் பிளாக்கில் கோயில் மைக், ஜெனரேட்டர் வைத்து. இசை ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

இவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். தன் பழைய சீட்டில் உட்கார்ந்திருந்தாள். 

அப்புறம்தான் கவனித்தேன். சுள்ளென்ற வெயில். நாலு கண்ணாடியும் ஏறியே இருக்கிறது. உள்ளே அவளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, தாவணியால் துடைத்துக்கொண்டு படிக்கிறாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

இவர் போய்க் கண்ணாடியைத் தட்டினார். "எறக்கிக்கோ பாப்பா. வேவுது பாரு."

"இருக்கட்டும்ப்பா" என்றாள் உள்ளிருந்து. "அப்புறம் ஏத்த மறந்துடுவேன்."

 பிறகு சுற்றிப்போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி முழுசாக இறக்கினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டினாள். கரண்ட் வந்தும் இவர் உள்ளே வரவில்லை.

தன் பக்கத்துக் கண்ணாடியை அவள் இறக்கவில்லை. போய்ச் சொல்லலாமா, அப்பாவுக்காக ஒரு சாணாவது இறக்கிவிடேன் என்று, என வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். போன தடவை நான் சொன்னதே போதும்.