வாத்துச் சிப்பாய்க்கு இன்னும் பன்னிரண்டு தாள்கள்

டோக்கியோ, ஓட்சுகா
1938 அக்டோபர் 19

அன்புள்ள என் கணவர் தெய்கிச்சி அவர்களுக்கு,

ஹிசானோ வணங்கி எழுதுவது. இங்கே காலையில் விரல்கள் விறைக்கத் தொடங்கிவிட்டன. வட சீனத்தில் இதைவிடக் கடுமையாக இருக்கும். நானும் குழந்தை ஃபூமியும் நலம். போன வாரம் அவளுக்கு இருமல் இருந்தது. முள்ளங்கிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்ததில் அடங்கிவிட்டது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறைகள் தனியே அனுப்பியிருக்கிறேன். உங்கள் தட்டைப் பாதத்துக்கென்று அகலமாகப் பின்னியவை. வேறு யாருக்கும் பொருந்தாது, அதனால் வழக்கம்போல் தாராளம் காட்ட வேண்டாம்.

என் சென்ற கடிதத்தில் ஒரு வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டு வந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன வரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்த மனைவியும் எழுதுகிற வரிதான். மறுபடி எழுதினால் மறுபடி அடிப்பார்கள். ஆகவே இந்தத் தடவை மிருகங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் அதிகாரிக்கும் என் வணக்கம்.

நம் வாத்துச் சிப்பாய் கார்ட்டூன் படம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆட்டுத்தாடி சார்ஜென்ட் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் நம் வாத்து மட்டும் வலப்பக்கம் திரும்புகிற காட்சியைப் பார்த்து முராகோஷி முதலாளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆற்றங்கரையில் கரடியும் குரங்கும் நடுங்கிக்கொண்டு நிற்க, வாத்து கயிற்றைக் கவ்விக்கொண்டு அக்கரைக்கு நீந்துவதும் நன்றாக வந்திருக்கிறது. அந்த நடை உங்கள் நடை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாதங்களைப் பார்த்தால் பட்டாளத்தில் உங்களை எடுக்க மாட்டார்கள் என்று நான் எவ்வளவு நம்பியிருந்தேன்.

இனி எழுதப்போவது என் தவறு. பத்து நாளாகத் தள்ளிப் போட்டேன்.

பயிற்சி முடிந்து படை முகாமுக்குத் திரும்பும் அணிவகுப்புக்குப் புதிதாக வரைய ஆளில்லை. ஆகவே நீங்கள் வரைந்த பழைய தாள்களையே பின்பக்கம் திருப்பி வைத்து, கண்ணாடி போன்ற செல்லுலாய்டில் நகல் எடுத்தேன். திசை மாறினால் போதும் என்று நினைத்தேன். தாளைத் திருப்பினால் கையும் மாறும் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று வாரம் வர்ணம் பூசினேன், படமும் பிடித்தாயிற்று, ஒருவர் கண்ணிலும் படவில்லை. படத்தைப் பார்வையிட வந்த அதிகாரி முதல் தடவையிலேயே விளக்கைப் போடச் சொன்னார். "எந்த ஊர்ப் படையிலம்மா இடது கையால சல்யூட் அடிக்கிறான்?" என்றார். "அது வாத்துங்க, அதுக்குக் கை ஏது, இறக்கைதானே" என்று முதலாளி சிரிப்பாகச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "சட்டை போட்டிருக்கான், துப்பாக்கி வெச்சிருக்கான். அப்புறம் என்ன வாத்து?" என்று கேட்டார்.

பிறகு கடைசிக் காட்சிக்கான தாள்களை வாங்கிப் பார்த்தார். வாத்து முதுகில் மூட்டையோடு தன் தெருவில் நடந்து வருகிறதே, அது. "சண்டை இன்னும் முடியல. இவனுக்கு யாரு லீவு குடுத்தா?" என்றார். படம் ஆற்றங்கரை வெற்றியோடு முடிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அணிவகுப்பைத் திரும்ப எடுக்க நூற்று நாற்பது செல்லுலாய்டு வேண்டும். கடையில் இப்போது ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. பழையவை கழுவிக் கழுவிக் கீறல் விழுந்து கிடக்கின்றன. நல்லதாக இருந்தவை, நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த அந்தத் தெருக் காட்சிச் செல்லுலாய்டுகள்தான். "ஹிசானோ, வேற வழி இல்லம்மா. நீயே கழுவிடு, வேற யாரும் அதைத் தொட வேணாம்" என்றார் முதலாளி. பாவம், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகிற போக்கில் கேமராக்காரர் செகிமோத்தோவிடம், "கேமரா ஒழுங்கா ஓடுதான்னு ஒரு துண்டு ஃபிலிம்ல சோதிச்சுப் பாரு. எதை வெச்சுச் சோதிக்கிறேன்னு என்கிட்ட சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நாங்கள் சோதித்தோம். பிறகு வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரில் ஒவ்வொன்றாக நான் கழுவினேன். முதலில் வர்ணம் போயிற்று, கடைசியில் உங்கள் கோடு போயிற்று. அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன். என் ஒரு கவனக்குறைவால் உங்கள் ஐந்து மாத உழைப்பு தண்ணீரோடு போயிற்று. மன்னியுங்கள். உங்கள் பென்சில் தாள்கள் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

சோதனைத் துண்டைச் சுவரில் ஓட்டிப் பார்த்தோம். ஃபூமியும் என் மடியில் இருந்தாள். வாத்து தெருவில் வருகிறது, வேலியைத் தாண்டுகிறது, வாசல் கதவைத் தட்ட இறக்கையைத் தூக்குகிறது. வலது இறக்கைதான். அதோடு நின்றுவிடுகிறது. அன்று அந்த இடத்தில்தான் சிவப்புத் தாள் வந்தது. பட்டாள அழைப்பைக் கையெழுத்திட்டு வாங்க நீங்கள் பென்சிலைக் கீழே வைத்தீர்கள். கடைசிப் பென்சில் தாளின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் "இன்னும் 12" என்று இருக்கிறது.

செகிமோத்தோ அந்தப் பன்னிரண்டையும் தானே வரைந்து பார்த்தார். நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் கதவு திறந்ததும் உள்ளே போனது வேறு யாரோ. அந்தப் பாதம் அவருக்கு வரவில்லை. "அண்ணி, இது அண்ணன் வந்து போட வேண்டிய வேலை" என்று தாள்களை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஃபூமி இப்போது வீடெங்கும் அந்த வாத்து மாதிரியே நடக்கிறாள். தெருவின் பொதுக் குளியல் கூடத்தில் எல்லாரும் பார்த்துச் சிரிக்கிறார்கள். ராத்திரி படுக்கும்போது ஒரே கேள்வி: "அம்மா, வாத்து ஏன் இன்னும் வெளியவே நிக்குது? குளிருமே." அப்பா பன்னிரண்டு படம் பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் விரலை மடக்கி மடக்கிப் பன்னிரண்டு வரை எண்ணக் கற்றுக்கொண்டாள்.

கழுவியதில் கீறலில்லாத பன்னிரண்டு செல்லுலாய்டுகளைத் துணியில் சுற்றித் தேயிலைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். முதலாளியே கேட்டாலும் கொடுக்க மாட்டேன். உங்கள் மேசையை நகர்த்தவில்லை. பென்சில்களைச் சீவி வைத்திருக்கிறேன். வேலையைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் உங்களுக்கு என்றுமே இருந்ததில்லை.

கால் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பன்னிரண்டு தாள்களோடு காத்திருக்கும்,
ஹிசானோ