ஜான்சிக்குக் காய்ச்சல் இல்லை

தேவனாம்பட்டினம்,
கடலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வெண்மதிக்கு, அப்பா தேசிங்கு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. பாடலீசுவரர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் கவுகாத்தியில் எங்களைவிட நன்றாக இருக்கவேண்டும். இது யாருடைய கையெழுத்து என்று யோசிக்காதே, என்னுடையதுதான். எழுத்தறிவு வகுப்பில் முதல் பரீட்சை எழுதித் தேறிவிட்டேன். ஒரு வரி எழுத ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. உன் பெயரை மேலே எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீ பிறந்ததிலிருந்து வாயால் கூப்பிட்ட பெயர் காகிதத்தில் இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "என்னய்யா, பேர எழுதிப்புட்டு அதுக்குத் தாலாட்டுப் பாடுறியா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உன் அண்ணன் எழிலன் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறான். பண்ருட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் பலாப்பழம் கொடுத்தனுப்பினார்கள், உன்னை நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம், கொட்டையை மட்டும் அம்மா காயவைத்து உனக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது அம்மா. மூன்று தடவை வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காகிதம் என்றால் நீ நடுவில் குறுக்கே பேசமாட்டாய், நானும் நடுவில் ஓடமுடியாது. சிதம்பரம் மேட்ச் அன்றைக்கு ஜான்சி ஏன் முதலிலிருந்து ஆடவில்லை என்று நீ கேட்டபோது, அவளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. நான்தான் அவளை உட்காரவைத்தேன்.

நீ ரயில்வே வேலைக்குப் போகும்போது பெண்கள் கால்பந்து டீமை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னாய். "அப்பா, கடக்கரையில ஆடுனா மட்டும் பத்தாது, வாரத்துக்கு ஒரு நாளாவது மஞ்சக்குப்பம் கிரவுண்டுக்கு இட்டுக்கினு போ, மண்ணு கண்ண ஏமாத்தும்" என்றாய். தலையாட்டினேன். முதல் மாதம் போனோம். பிறகு எழுத்து வகுப்பு அதே சாயங்காலத்தில் வந்தது, எனக்கு வகுப்பை விட மனம் வரவில்லை. கரையிலேயே ஆடுங்கள் என்று பெண்களை விட்டுவிட்டு நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மணலில் பந்து உருளாது, போட்ட இடத்தில் நிற்கும். நின்ற பந்தை எவள் காலால் உந்தித் தள்ளுகிறாளோ அவள்தான் ஆட்டக்காரி என்று என் கண் பழகிப்போனது. எனக்கு முன்பே அந்த எண்ணம் உண்டு, உனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க வலை இழுத்தவனுக்குப் பலம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்றுதான் தோன்றும். ஓடுகிறவளை இடித்துத் தள்ளிவிட்டால் அவள் வேகம் எங்கே போகும் என்று உன்னிடமே எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்.

சிதம்பரத்துக்கு யார் யாரை இறக்குவது என்று முடிவு பண்ண நான் என்ன செய்தேன் தெரியுமா, சொன்னால் சிரிப்பாய், பிறகு திட்டுவாய். எழிலன் கூட்டாளிகள் கரைவலை இழுத்த அன்று நம் பெண்களையும் கயிறு பிடிக்கவைத்தேன். அலை உள்ளே வாங்கும்போது எவள் கால் பெயராமல் நிற்கிறாளோ அவளுக்கு டீமில் இடம். பொன்னி கம்பம் நட்டமாதிரி நின்றாள். ஜான்சியைக் கயிறு தண்ணீர்வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது, நனைந்துபோய் எழுந்து அவளே சிரித்தாள். "ஒனக்குப் பலம் பத்தாது கண்ணு, நீ அப்பறமா எறங்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அம்மா அப்போதே சொன்னாள், "பந்து ஆட ஆள் எடுக்கச் சொன்னா இந்த மனுசன் வலைக்கு ஆள் புடிக்கிறான்" என்று. நான் காதில் வாங்கவில்லை.

மேட்சுக்குப் போகும் பஸ்ஸில் நான் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வந்த பலகையை எல்லாம் சத்தமாகப் படித்தேன். பெண்கள் கைதட்டினார்கள், "தாத்தா, கண்டக்டர் வேலை காலியா இருக்குதாம்" என்று ஜான்சிதான் கிண்டல் பண்ணினாள். கிரவுண்டில் ஆடுகிறவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு மேட்சுக்கும் யாராவது ஒரு சாரிடம் கெஞ்சி எழுதி வாங்குவேன், அன்றைக்கு நானே எழுதினேன். பதினொரு பெயரும் ஒரு அடித்தல் இல்லாமல், கோடு போட்டதுபோல் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது பொன்னி ஓடிவந்தாள். "தாத்தா, தரை சிமெண்டு மாதிரி கெட்டியா இருக்குது, தட்டுனா பந்து பறக்குது, நம்மாள ஓடிப் புடிக்க முடியாது. ஸ்போர்ட்ஸ் ஆஸ்டலுக்கு ஆள் எடுக்குற மேடம் வந்து ஒக்காந்துட்டாங்க. ஜான்சிய மொதல்லியே போடு" என்றாள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது வெண்மதி. நன்றாகவே புரிந்தது. ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு பெயரை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. "எழுதியாச்சி, போய் ஆடு" என்று சொல்லி அப்படியே கொடுத்துவிட்டேன்.

பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். நம் பெண்கள் இடிக்கப் போனால் அங்கே ஆளே இல்லை, எதிர் டீம் பெண்கள் பந்தோடு ஓடிவிட்டார்கள். பொன்னி கோபத்தில் ஒருத்தியைத் தள்ளி மஞ்சள் அட்டை வாங்கினாள், அதுவும் நான் கற்றுக்கொடுத்த பாவம். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வந்த அந்த மேடம் இடைவேளையில் எழுந்து அடுத்த கிரவுண்டு மேட்ச் பார்க்கப் போய்விட்டார்கள். பிறகு மூன்றாவது கோலும் விழுந்தது, பொன்னி கோட்டோரம் வந்து, "இப்பயாவது அவள எறக்குறியா, இல்ல நான் வெளிய வந்து ஒக்காரட்டுமா" என்று கத்தினாள். கடைசியில் இறக்கினேன். பொன்னி தோளைக் கொடுத்து ஒருத்தியை விலக்கி, ஆளில்லாத பக்கமாகப் பந்தை நீளமாக உதைத்தாள், அவ்வளவு தூரம் யார் போய்ப் பிடிப்பது என்று நான் நினைத்து முடிக்கவில்லை, ஜான்சி பந்துக்கு முன்னால் நிற்கிறாள். கோல். கிரவுண்டில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நானும் குதித்தேன். அப்புறம்தான் மேடம் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன்.

அன்றைக்கு நீ போன் செய்தபோது அவமானத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டாள், இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேச்சு போடவில்லை.

ஜான்சி அதற்குப் பிறகு கரைக்கு வரவில்லை. அவளுடைய அம்மா ஜெயராணியை உனக்குத் தெரியும், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்டிராக்ட் வேலை. விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, கிடைக்காவிட்டால் ஜான்சியும் அடுத்த மாதம் முடிந்ததும் அதே கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகவேண்டும், பேசியே வைத்துவிட்டார்களாம். இது மேட்சுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெயராணி சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "எம் பொண்ணு எலும்புந்தோலுமாத்தான் இருப்பா பெரியவரே, நான் ஆக்கிப் போடுறது அவ்ளோதான்" என்று மெதுவாகச் சொன்னாள். தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். அந்த மேடத்தைத் தேடிப் பிடித்து நடந்ததை நடந்தபடி சொன்னேன், வலையை, காகிதத்தை, எல்லாவற்றையும். அவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்கவில்லை. டீமுக்கு வேகம் வேண்டுமா பலம் வேண்டுமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். "ரெண்டும்தான் வேணும் பெரியவரே. ஆனா பலம் ஒரு வருஷம் எங்க மெஸ்ல சாப்பிட்டா வந்துடும், நாங்க பாத்துக்குவோம். ஓட்டத்த எந்த மெஸ்லயும் போட முடியாது" என்றார்கள். விட்டுப்போனவர்களுக்காக வருகிற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கிரவுண்டில் கடைசித் தேர்வு வைக்கிறார்கள், வரச் சொல்லுங்கள், ஓடிக் காட்டட்டும், வராவிட்டால் நான் ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லியனுப்பினார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. சிதம்பரத்திலிருந்து நேராக ஜான்சி வீட்டுக்கே போனேன்.

அங்கேதான் வெண்மதி என் தலை குனிந்தது. வரமாட்டேன் என்றாள். ஏன் கண்ணு என்றேன். அப்போது சொன்னாள், நீ அவளுக்குப் போன் செய்திருக்கிறாய், காய்ச்சல் விட்டதா என்று கேட்டிருக்கிறாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்காமல், விட்டுடுச்சுக்கா என்று சொல்லியிருக்கிறாள். நீ அவளைக் கடிந்துகொண்டாயாம், மேட்ச் நேரத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்ன ஆட்டக்காரி, உன்னை நம்பி யாரிடம் எப்படிச் சிபாரிசு பண்ணுவது என்று. அவள் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். "நீங்க பெரியவரு, ஒங்கள எப்படித் தாத்தா பொய்யின்னு சொல்றது. ஆனா நீங்க பலம் இல்லேன்னீங்க, அக்கா பொறுப்பு இல்லேன்னுடுச்சி. அப்பறம் நான் எதுக்கு ஓடணும்" என்றாள். அழவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

நீ அவளைத் திட்டியது உன் குற்றம் இல்லை. என் பொய்யைக் கேட்டுத் திட்டினாய். உன்னைப் பார்த்துத்தான் அந்தப் பெண் பந்தைத் தொட்டாள், நீ பந்தாடியே வேலைக்குப் போனது மாதிரி தானும் போகலாம் என்று நினைத்தாள். நான் நூறு தடவை மன்னிப்புக் கேட்டாலும் அவளுக்கு அது கிழவன் பேச்சு, உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவள் எழுந்து ஓடுவாள். இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். பொன்னியும் மற்றப் பெண்களும் கூடிப் பேசி, இனிமேல் ஆள் எடுப்பது பொன்னி, தாத்தா தண்ணீர் கேனைத் தூக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பலம் இருக்கிறவன் கேன் தூக்குவதுதானே நியாயம். நேற்று எல்லாரையும் மஞ்சக்குப்பம் கிரவுண்டுக்கு அழைத்துப் போனேன், வகுப்பு டீச்சரிடம் சொல்லி என் பாடத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். ஜான்சி மட்டும் இல்லை. பொன்னி நீளமாக ஒரு பந்தை உதைத்தாள், அது போய்க்கொண்டே இருந்தது, வெளியில் போய் வேலியில் நின்றது.

நீ கோபப்படுவாய், படு. வயசாகியும் இப்படிச் செய்தாரே என்று மாப்பிள்ளை முன்னால் சொல்லாதே, அவ்வளவுதான் கேட்கிறேன், இல்லை, சொன்னாலும் சொல்லிக்கொள். நைட் டூட்டியில் வெறும் டீயைக் குடித்தே பொழுதைப் போக்காதே. மழையில் நனைந்தால் தலையை நன்றாகத் துவட்டு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு நீண்டகாலம் இருக்கவேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் ஜான்சிக்குச் செய். அவளுக்கென்று போன் இல்லை, ஜெயராணி போன்தான், ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. உன் பெயரைப் பார்த்ததும் ஜான்சி எடுக்கமாட்டாள். விட்டுவிடாதே அம்மா, மறுபடியும் கூப்பிடு.

இப்படிக்கு
உன் அப்பா
அ. தேசிங்கு