அங்கி பெற்றுப் போன கொட்டில் காவலன்

பனிவரை நாடுடையவரும், நெடுங்கணவாய் காத்தவரும், ஒன்பது தலைமுறையாய் எவர்க்கும் பணியாத குடியின் மூத்தவருமான விடங்கவேள், தென்சாரல் ஆளும் தங்கை வெயினி நாச்சியார்க்கு விடுக்கும் ஓலை. தென்சாரலில் வாற்கோதுமை விளைக, ஏரி உறையாதிருக்க, நாச்சியார் கொடி உயர்க.

நாச்சியார் அறிய வேண்டியது: வேளின் குதிரைக் கொட்டிலில் குடியிருந்த குறளன் போய்விட்டான்.

முழங்கால் உயரமே உள்ள அந்த நரைத்தாடிக் காவல்தெய்வம் கூலி கேட்டதில்லை. வெண்ணெய் மிதக்கும் ஒரு கிண்ணம் கூழ் அவனுக்குப் போதும். மைந்தர் இருவரும் எல்லைப் போரில் பட்டு, பணியாளரும் ஒவ்வொருவராய் விடைபெற்ற பின், கோட்டையில் வேளுக்குத் துணை என்று இருந்தவன் அவன் ஒருவனே. இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. விடியலில் குதிரையின் பிடரிமயிர் புதிதாய்ப் பின்னப்பட்டிருக்கும். அதைக் கண்டு வேள் தொண்டையைச் செருமுவார். பரண்மேல் வைக்கோல் சலசலக்கும். அவ்வளவே அவர்கள் உறவு.

சென்ற ஆண்டு கோட்டையில் தங்கிச்சென்ற மேலைநாட்டுத் தூதர் பரணை அண்ணாந்து பார்த்து, "வேள் வீட்டுச் சாமிக்கே சட்டை கிழிந்து முழங்கை வெளியில் தெரிகிறதே! மற்றவர்களுக்கு என்ன உடுத்தக் கிடைக்குமோ!" என்று நாச்சியார் முன்னிலையிலேயே நகைத்தார். வேள் அன்றே அடிவாரத்துத் தையற்காரனை வரவழைத்தார். செங்கம்பளியில் ஓர் அங்கியும் கூர்முனைத் தொப்பியும் தைக்கச் சொன்னார்.

நாச்சியார் தடுத்ததை வேள் மறக்கவில்லை. "வேண்டாம் அண்ணா. நம் வீட்டில் அங்கி கொடுத்தால் என்ன பொருள் என்று அவன் அறியாதவனா? பாட்டன் காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றார்.

"அவன் பணியாள் அல்லன். அந்த வழக்கம் அவனுக்கு எதற்கு?" என்று வேள் சினந்தார்.

"அது உமக்குத் தெரியும். அவனிடம் சொன்னீரா?" என்று கேட்டுவிட்டு நாச்சியார் வண்டி ஏறினார்.

பணி முடிந்தவனுக்குப் புத்தங்கி போர்த்தி அனுப்புவது இக்குடியின் வழக்கம். 'அங்கி பெற்றான்' என்றாலே, 'இனி வேண்டாம் என்றார்கள்' என்று பொருள். அதை அறிந்தும், தாம் தருவது சிறப்பு என்றே எண்ணி, வேள் தம் கையாலேயே அங்கியை மடித்துக் கூழ்க் கிண்ணத்தருகே வைத்தார். விடிந்து பார்த்தபோது கூழ் தொடப்படாமல் உறைந்திருந்தது. வேலையை விட்டுப் போகிறவன் ஒப்படைப்பதுபோல், கிழிந்த சட்டை துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. பனியில் சிறு காலடிகள் தெற்கே போயிருந்தன.

அதன்பின் பிடரிமயிர் சிக்குப் பிடித்தது. வேள் தாமே பின்னிப் பார்த்தார். குதிரை தலையை உதறிக்கொண்டது. செருமினாலும் பரணில் ஓசை இல்லை.

இப்போது தென்சாரல் குதிரைகளின் பிடரியில் பின்னல் காணப்படுவதாக உப்பு வணிகர் கூறினர். ஆகவே ஆணை: அவன் அங்கிருப்பின், அவனுக்கு ஆடை எதுவும் அளிக்கலாகாது. நாச்சியார் கொட்டில் வாயிலில் நின்று, 'வேள் உன்னை அனுப்பவில்லை' என்ற மூன்று சொற்களை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். திரும்பி வருமாறு சொல்ல வேண்டாம். வேள் எவரையும் இரந்து அழைத்தவர் அல்லர். ஆயினும், அவன் காதில் விழுந்ததா என்பது உறுதியாகாவிட்டால் மறுநாளும் சொல்லுக. அதற்கு மறுநாளும் சொல்லுக.

கணவாயில் பனி உள்ளளவும் இவ்வாணை நிற்க. எழுத்தர் எவரும் இல்லாமையால் வேளே எழுதி, வரையாட்டு இலச்சினை பொறித்தார்.