துண்டுக்குள் பேசிய இரண்டு வருஷம்

சித்தூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி காளிச்சாமிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், மாடு கன்றுகளும் அப்படியே. நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அழுதாள். போன வருஷம் நீ போய்ச் சேர்ந்த புதிதில் ஹாஸ்டல் சாதம் களி மாதிரி இருக்கிறது, ரசத்தில் புளியைத் தவிர ஒன்றுமில்லை, அறையில் கூட இருக்கும் பையன் தூக்கத்தில் இங்கிலீஷ் பேசுகிறான் என்றெல்லாம் எழுதுவாய். இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. ஒன்று சாதம் சரியாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ சரியாகியிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, குறையே சொல்லாத பிள்ளை வீட்டை மறந்துவிட்டான் என்று அர்த்தமாம். அடுத்த கடிதத்தில் ஏதாவது ஒரு குறை எழுது, அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் இண்டர்மீடியட் பரீட்சை முடிகிறது, அதற்கு மேல் பி.ஏ. இரண்டு வருஷம் இருக்கிறது, பிரின்சிபால் தேவசகாயம் ஐயா உன்னை இருந்து படிக்கச் சொல்கிறார், ஆனால் அப்பா இரண்டு வருஷம் என்று பேசி முடித்துவிட்டதால் வரச்சொன்னால் வைகாசிக் கல்யாணத்துக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கூடவே, அப்படி ஒரு பேச்சு நடந்ததே தமக்குத் தெரியாது என்று பிரின்சிபால் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். நடந்தது. உன்னைச் சேர்க்க வந்த அன்றைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்து ஏதோ பரீட்சை எழுதச் சொன்னார்களே, அப்போது நானும் அவரும் மட்டும் இருந்தோம். காலேஜ் என்றால் அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். நம் மாட்டுக்கொட்டகையைவிட நீளம் குறைவான கட்டடமும், தானே போய் மணி அடித்துவிட்டு வரும் பிரின்சிபாலையும் பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது. இது பேசி முடிக்கக்கூடிய இடம் என்று தோன்றியது. மழை எப்படி, நிலம் எவ்வளவு என்று மரியாதையாக விசாரித்தார். பிறகு, பட்டம் வாங்க நாலு வருஷம் என்றார்.

பொள்ளாச்சிச் சந்தையில் மீசை முளைக்காத காலத்திலிருந்து மாடு வாங்கி விற்கிறவன் நான். முதலில் சொன்ன கணக்கை அப்படியே ஒத்துக்கொள்கிறவனை அங்கே யாரும் மனிதனாக மதிப்பதில்லை. அதனால் தோள் துண்டை எடுத்து மேஜைமேல் விரித்து, அவர் கையை அதற்குள் இழுத்து, இரண்டு வருஷம் என்பதற்கு இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினேன். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் சந்தையில் எல்லோரும் அப்படித்தான் விலை பேசுவார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அந்த அறையில் பக்கத்தில் ஒருவரும் இல்லைதான், இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. மற்றக் கையையும் துண்டின்மேல் வைத்து என் கையை அழுத்தி, ரொம்ப சந்தோஷம் என்றார். இதற்குமேல் சந்தையில் பேச்சே கிடையாது, மாட்டின் கயிற்றை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். நானும் எழுந்து வந்துவிட்டேன். படித்தவராக இருந்தாலும் சந்தை முறை தெரிந்தவர் என்று ரயிலில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

இப்போது நீ எழுதுகிறாய், சித்தூர்ப் பக்கத்துத் தகப்பன்மார் பிள்ளையைப் படிக்க விடும்போது வாத்தியார் கையைத் துணியால் மூடிப் பிடித்து ஒப்படைப்பது வழக்கம், இவ்வளவு அழகான வழக்கத்தை எங்கும் பார்த்ததில்லை என்று அவர் மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று. அப்படி ஒரு வழக்கம் நம் ஊரில் இல்லை. அதை நீ அவரிடம் சொல்லவும் வேண்டாம். ஒரு மனிதர் என் பிள்ளையை அப்படி நினைத்து வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றால், அதை மாட்டு வியாபாரம் என்று போய்த் திருத்த எனக்கு வாய் வராது.

ஆனால் உன் மாமன் சென்னியப்பனுக்கு வாய் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் வந்துவிடுவான், வந்ததும் வைகாசியில் உனக்கு அவன் மகள் மயிலாத்தாளைக் கட்டிவைத்துவிடலாம் என்று நான் கொடுத்த வாக்கை நம்பி, அவன் பந்தலுக்கு மூங்கில் வெட்டி வாய்க்காலில் ஊறப்போட்டிருக்கிறான். உன் கடிதத்தைப் படித்ததும் உன் அம்மா, அவன் இருந்து படிக்கட்டுமுங்க, எங்கண்ணனுக்கு மட்டும் நீங்களே போய்ப் பதில் சொல்லிக்குங்க என்று கையைக் கழுவிவிட்டாள். புதன்கிழமை கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். சென்னியப்பன் முழுவதும் கேட்டுக்கொண்டு, ஏனுங்க மச்சான், அன்னைக்கு ரெண்டுன்னீங்க, இன்னைக்கு நாலுங்கறீங்க, நாளைக்கு ஆறும்பீங்களா என்றான். நியாயம்தான். சந்தையிலே ஒருத்தன் இப்பிடிப் பேசுனா அவங்கிட்ட மறுபடி மாடு புடிப்பீங்களா என்றும் கேட்டான். பிடிக்க மாட்டேன். வேலந்தாவளத்திலிருந்து ஒரு இடத்தார் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், வைகாசிக்கு நீ வராவிட்டால் அங்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சமையல்கட்டிலிருந்து மயிலாத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் தகப்பனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். மாமனை வெய்யாதீங்கப்பா. அவங்க படிச்சுப்போட்டே வரட்டும். பாதியில வந்தாங்கன்னா, இவளாலதான் படிப்புக் கெட்டுதுன்னு சாகற வரைக்கும் ஊரு என்னையத்தானே சொல்லும். நான் இருக்கறேனுங்க. அதோடு உள்ளே போய்விட்டாள். பெண்ணுக்கு இத்தனை பேச்சு வரும் என்று சென்னியப்பனுக்கும் தெரியாது போலிருக்கிறது. கடைசியில், என் வாய்ப்பேச்சை இனி நம்புவதற்கில்லை, வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி பண்ணிவிட்டால் மூங்கிலை எடுத்து வெயிலில் காயப்போட்டு அப்புறத்துக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னான். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நேற்று மாற்றிவிட்டோம். உன்னைக் கேட்கவில்லையே என்று நினைக்காதே. ஒவ்வொரு கடிதத்திலும் கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கிறாய். அங்கே இருக்கிற எல்லோரையும் உனக்கு அத்தனை பிடிக்காது, ஒருத்தியை விசாரிக்கத்தான் எல்லோரையும் விசாரிக்கிறாய் என்று உன் அம்மாவுக்குத் தெரியும்.

அதனால் நீ பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு மட்டும் வா. வந்து திரும்பிப் போ. பி.ஏ.யில் சேர்ந்துவிடு. அறுவடைக்கு ஆள் போதாது, அப்பா தனியாக என்ன செய்வார் என்று எழுதியிருக்கிறாய். ஆளுக்குப் பஞ்சமில்லை, அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்த மேஜைமேல் துண்டை விரித்தபோது, கல்யாணத்தையும் விவசாயத்தையும் நினைத்துத்தான் இரண்டு கேட்டேன் என்று உன் மாமனிடமும் உன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை. அந்தக் கணக்கெல்லாம் ரயிலில் வரும்போது சேர்த்துக்கொண்டது. நாலு வருஷம் நீ வீட்டில் இல்லாமல் எனக்குத் தாங்காது, அதனால் கேட்டேன். இப்போதும் தாங்காது. நீ அங்கேயே இரு.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, குளித்த ஈரத் தலையோடு புஸ்தகம் படிக்காதே. பிரின்சிபால் ஐயாவுக்கு என் நமஸ்காரம் சொல். உன் அம்மா இப்போது தானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் என்கிறாள், அதனால் அவளுக்கு எழுதும் வரிகளைக் கொஞ்சம் பெரிசாக எழுது. ஆயுளும் கல்வியும் நிறைந்து இரு.

இப்படிக்கு, உன் மேல் பிரியமுள்ள அப்பா
குப்பண்ணன்