ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது

என்னங்க,

நான் செனாவாங் ஃபேக்டரிக்குக் கிளம்பிட்டேன். நேத்து கடல்ல நான் பிடிச்ச மீன் ஐஸ் பெட்டியில இருக்கு. படகுக்காரர் சொன்னபடி செவுளை வெட்டி ரத்தத்த வடிச்சு, குடலை எடுத்து, வயித்துல ஐஸ் அடைச்சிருக்கேன். பைப் தண்ணியில ஊறவைக்காதீங்க, சதை குழைஞ்சிடும். உருகின தண்ணிய வடிச்சிட்டு புது ஐஸ் போடுங்க. உங்க அக்கா வந்தா பாதி குடுங்க.

போர்டிக்சன் கடற்கரையில இத்தனை வருஷமா முழங்கால் தண்ணியிலதான் நின்னிருக்கோம். நேத்து படகுல போய்க் கரை மறைஞ்சதும் கடல் மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்குது. எனக்குத் தானா கை குவிஞ்சிருச்சு.

குமுதா

பி.கு. நேத்து வந்ததும் பேசாம படுத்தது, கடலுக்குப் போகாதேன்னு நீங்க திட்டினதுக்காக இல்ல லா. தூண்டில்ல மாட்டினத இழுக்க இழுக்க, மாட்டாத இன்னொரு மீனும் அதை ஒட்டியே படகு வரைக்கும் வந்துச்சு. இதைப் படகுக்குள்ள தூக்கிப் போட்ட பிறகும் படகையே சுத்திச்சு. நாங்க கிளம்புற வரைக்கும் அது போகல.